மட்கார்டு மாட்டுவது, நேராக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சைக்கிளுக்கு மட்கார்டு மாட்டிவிட்டு என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒன்று "உரசுது", இல்லையென்றால் "ஆடுது". திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே போட்டிருக்கிறேன். இங்கே மட்கார்டு என்று சொல்வதெல்லாம் சக்கரத்தைப் பாதி சுற்றி வரும் முழு நீள மட்கார்டைத்தான். கம்பி என்று சொல்வது மட்கார்டை இரண்டு பக்கமும் பிடித்து அச்சுப் பக்கம் வரும் மெல்லிய கம்பிகளை.

மழையில எப்படியும் நனையத்தானே போறோம், மட்கார்டு எதுக்கு?

மேலிருந்து விழுவது வெறும் தண்ணீர். டயர் ரோட்டிலிருந்து அள்ளி வீசுவது மண்ணும் எண்ணெயும் கலந்த சேறு. மழை நின்று வெயில் வந்த பிறகும் ரோடு வெகுநேரம் ஈரமாகவே இருக்கும், அந்த நேரம் முழுக்க மட்கார்டு இல்லாத பின்சக்கரம் உங்கள் முதுகில் கோடு போட்டுக்கொண்டே வரும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது செயினை. முன்சக்கரம் வீசுகிற சேறு நேராக உங்கள் பாதத்திலும் பெடல் அச்சிலும் செயினிலும்தான் போய் விழும். மணல் கலந்த தண்ணீர் செயினுக்குள் போனால் அரம் வைத்துத் தேய்ப்பது மாதிரி. சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம், தேய்ந்த செயினை என்ன செய்வது?

எந்த அளவு வாங்கணும்? என் டயர்ல 700×35னு போட்டிருக்கு.

அந்த 35 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். மட்கார்டு அதைவிட எட்டிலிருந்து பத்து மி.மீ. அகலமாக இருக்க வேண்டும், அதாவது உங்களுக்கு 45 மி.மீ. மட்கார்டு. டயர் அகலத்துக்குச் சரியாக வாங்கினால் பக்கவாட்டில் தண்ணீர் சிதறும், கொஞ்சம் அசைந்தாலே உரசும்.

சக்கர அளவுக்கு "26 இன்ச்", "28 இன்ச்" என்பதை மட்டும் நம்பாதீர்கள், ஒரே பெயரில் வேறு வேறு அளவு சக்கரங்கள் இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் 37-622 மாதிரி இன்னொரு எண்ணும் இருக்கும். அதில் வரும் மூன்று இலக்க எண்தான் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். 700சி என்றால் 622, 27.5 என்றால் 584, மலை சைக்கிளின் 26 என்றால் 559. மட்கார்டு வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று, டயரில் 35 என்று எழுதியிருந்தாலும் அகலமான ரிம்மில் ஏற்றினால் ஓரிரு மி.மீ. கூடவே நிற்கும். காற்று முழுசாக அடித்துவிட்டு ஒரு தடவை அளந்து பார்த்துவிடுவது நல்லது.

என் சைக்கிள்ல மட்கார்டு நுழைய இடம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மூன்று இடம் பார்த்தால் போதும்: முன்னால் ஃபோர்க்கின் (முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் கவை) தலைக்கு அடியில், பின்னால் சீட்டுப் பக்கத்திலிருந்து இறங்கும் இரண்டு குழாய்களை இணைக்கும் குறுக்குப் பாலத்துக்கு அடியில், அப்புறம் பெடல் அச்சுக்குப் பின்னால் டயர் இரண்டு குழாய்களுக்கு நடுவே நுழையும் இடத்தில். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி இருந்தால் நிம்மதி, 6 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது. மட்கார்டின் தடிமன், அதற்குள் வரும் போல்ட் தலை இரண்டையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அளக்க வேறெதுவும் இல்லையென்றால் 6 மி.மீ. ஆலன் கீயை (ஆறு பக்கமுள்ள வளைந்த கம்பிச் சாவி) அந்த இடைவெளியில் விட்டுப் பாருங்கள், தட்டாமல் போய் வர வேண்டும்.

ரிம் பிரேக் உள்ள ரேஸ் சைக்கிள்களில் பிரேக்கின் கை நீளம்தான் (பிரேக் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரையான தூரம்) தீர்மானிக்கும். 39-49 மி.மீ. குட்டைக் கை பிரேக்கில் பெரும்பாலும் இடம் கிடைக்காது, 47-57 மி.மீ. என்றால் மெல்லிய டயரோடு மட்கார்டும் நுழைய வாய்ப்பு உண்டு.

ஸ்டீலா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

ஸ்டீல் உறுதி, ஆனால் எடை, பெயின்ட் போன இடத்தில் துரு. அலுமினியம் பார்க்க அழகு, வடிவம் மாறாமல் நிற்கும், ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விடும். பிளாஸ்டிக் கொஞ்சம் ஆடும், அதே சமயம் இடித்தாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். முதல் தடவை நீங்களே மாட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக் வாங்குங்கள், தவறு செய்தால் பொறுத்துக்கொள்ளும்.

என்னென்ன கருவி எடுத்து வச்சுக்கணும்?

சைக்கிள் மட்கார்டு போல்ட்டுகள் பெரும்பாலும் 5 மி.மீ. மரை, அதற்கு 4 மி.மீ. ஆலன் கீயும் 8 மி.மீ. ஸ்பேனரும். பிரேக் போல்ட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் 10 மி.மீ. ஸ்பேனர் அல்லது 5 மி.மீ. ஆலன் கீ. கம்பி வெட்ட ஹேக்ஸா, பிசிறு எடுக்க அரம், ஒரு குறடு. இதோடு பழைய ரப்பர் செருப்பு ஒன்று, அது எதற்கென்று கீழே வரும்.

எதை முதல்ல மாட்டணும், எதைக் கடைசியா?

முதலில் சக்கரம். மட்கார்டை நேராக வைப்பது சக்கரத்தைப் பார்த்துத்தான், அந்தச் சக்கரமே கோணலாக உட்கார்ந்திருந்தால் மீதி வேலை எல்லாம் வீண். சைக்கிளை ஸ்டாண்டில் போடாமல் இரண்டு சக்கரமும் தரையில் நிற்க, மேலிருந்து உங்கள் எடையைக் கொடுத்துக்கொண்டே அச்சு நட்டையோ குயிக் ரிலீஸையோ (கையால் மடக்கி இறுக்கும் அச்சு நெம்புகோல்) முறுக்குங்கள். அப்போதுதான் அச்சு காடிக்குள் (ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் அச்சு நுழையும் வெட்டு) முழுசாக உட்காரும். ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். டயரில் எப்போதும் ஓட்டும் அளவுக்குக் காற்று இருக்கட்டும்.

பிறகு மட்கார்டை நடுப்பிடிப்பில் மாட்டுங்கள், முன்னால் ஃபோர்க் தலையில், பின்னால் குறுக்குப் பாலத்தில். அடுத்து பின் மட்கார்டின் கீழ்நுனி, பெடல் அச்சுக்குப் பின்னால். கடைசியாகத்தான் கம்பிகள். இதில் எந்த போல்ட்டையும் இப்போது முறுக்கக் கூடாது, விரலால் திருப்பி நிறுத்தினால் போதும். எல்லாம் தொளதொளவென்று இருக்கும்போதே மட்கார்டு டயரின் மேல் தானாக நேராக நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லையென்றால் முறுக்கி நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள். ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடியுங்கள். என்னிடம் வரும் புகார்களில் முக்கால்வாசி இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டதால் வந்தவைதான்.

இடைவெளி ஒரு இடத்துல அகலமா, ஒரு இடத்துல குறுகலா வருது. என்ன பண்றது?

செருப்பு இங்கேதான் வேலைக்கு வருகிறது. செருப்பின் அடிப்பகுதியிலிருந்து பத்துப் பன்னிரண்டு மி.மீ. தடிமனில், இரண்டு விரல் அகலத்தில் நான்கு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மேலே ஒன்று, கம்பி வரும் இடங்களில் ஒவ்வொன்று, நுனியில் ஒன்று என்று செருகுங்கள். இப்போது மட்கார்டை லேசாக அமுக்கினால் எல்லாத் துண்டையும் தொட்டுக்கொண்டு டயரின் வளைவை அப்படியே பின்பற்றும். அந்த நிலையிலேயே கம்பிகளின் நீளத்தை வைத்து நட்டுகளை விரல் இறுக்கத்துக்கு மேல் அரைச்சுற்று முறுக்குங்கள். துண்டை உருவினால் இடைவெளி கண்ணுக்குக் கோடு போட்டது போல ஒரே சீராக வந்திருக்கும், அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்.

துண்டு வைத்தும் ஒரு இடத்தில் இடைவெளி விழுந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, குறுக்குப் பாலம் டயரிலிருந்து தள்ளி இருக்கும், மட்கார்டை அங்கே கொண்டுபோய் இழுத்துக் கட்டினால் அந்த இடம் மட்டும் மேலே தூக்கும். பாலத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தேவையான உயரத்துக்கு வாஷர்களோ ஒரு சின்னக் குழாய்த் துண்டோ வைத்து, நீளமான போல்ட் போடுங்கள். இன்னொன்று, மட்கார்டின் வளைவே உங்கள் சக்கரத்துக்குப் பொருந்தாமல் இருக்கும். கழற்றிக் கையில் எடுத்து, ஒரே இடத்தில் அழுத்தாமல் நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தோ குறுக்கியோ சரிசெய்யலாம்.

கச்சிதமாகச் சமமாக வராவிட்டால் எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்றும் கேட்கிறார்கள். சக்கரத்தின் பின்பாதி மேலே ஏறும், முன்பாதி கீழே இறங்கும். ஆகவே டயரில் ஒட்டிவரும் கல்லும் குச்சியும் மட்கார்டின் பின்நுனி வழியாக நுழைந்து முன்நுனி வழியாக வெளியே போகும். நுழையும் வாய் அகலமாகவும் உள்ளே போகப் போகக் குறுகலாகவும் இருந்தால் புனலில் போட்டது மாதிரி நடுவில் மாட்டிக்கொள்ளும். போகப் போக ஒரே அளவு அல்லது கொஞ்சம் அதிகம், அப்படி வையுங்கள்.

மேலிருந்து பார்த்தா மட்கார்டு ஒரு பக்கமா சாஞ்சிருக்கு.

சாய்ந்திருப்பது மட்கார்டா சக்கரமா என்று முதலில் பாருங்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரம் சமமாக இல்லையென்றால், டிஸ்க் இல்லாத முன்சக்கரத்தைக் கழற்றி இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வு எதிர்ப்பக்கம் மாறினால் ஸ்போக் இறுக்கத்தில் கோளாறு, ரிம் நடுவில் இல்லை. மாறாமல் அதே பக்கம் இருந்தால் ஃபோர்க்கிலோ அச்சு உட்காரும் விதத்திலோ கோளாறு.

சக்கரம் சரியென்றால் மிச்சம் எளிது. நடுப்பிடிப்பைத் தளர்த்தி மட்கார்டைத் திருப்புங்கள். நுனி மட்டும் சாய்ந்திருந்தால் சாய்ந்த பக்கத்துக் கம்பி குட்டையாகவும் எதிர்ப்பக்கக் கம்பி நீளமாகவும் பிடிக்கப்பட்டிருக்கும், இரண்டையும் அளந்து சமமாக்குங்கள். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் சாய்வு உடனே தெரியும்.

விரலால மாட்டும்போது நேரா இருக்கு, முறுக்கினதும் சாய்ஞ்சிடுது!

ஸ்பேனர் திரும்பும் திசையில் போல்ட் மட்கார்டையும் கம்பியையும் சேர்த்து இழுத்துப்போகிறது, அவ்வளவுதான். போல்ட் தலையை ஆலன் கீயால் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். ஒரு பக்கத்தை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போகாமல், இடது கால் சுற்று, வலது கால் சுற்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். நடுவில் ஒரு வாஷர் இருந்தால் இழுப்பு இன்னும் குறையும்.

இதற்கும் மசியாமல் சாய்கிறது என்றால் எங்கேயோ இழுவிசை இருக்கிறது என்று அர்த்தம். என் முதல் அலுமினிய மட்கார்டை அப்படித்தான், இரண்டு மி.மீ. எட்டாத பிடிப்பைப் போல்ட்டாலேயே இழுத்து முறுக்கி நேராக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில மாதம் கழித்துத் துடைக்கும்போது ஃபோர்க் தலைக்கு அடியில் போல்ட் ஓட்டையிலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கோடு ஓடியது. அழுக்கென்று நினைத்து நகத்தால் கீறினேன், நகம் உள்ளே பட்டது. இழுத்துக் கட்டிய மட்கார்டு ஒவ்வொரு குலுக்கலிலும் அதே இடத்தில் மடங்கி மடங்கி ஒருநாள் உடையும். இரண்டு வாஷர் வைத்திருந்தால் போயிருக்கும்.

கம்பி நீட்டிக்கிட்டு இருக்கே, எப்போ வெட்டலாம்?

எல்லாம் முடிந்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு. முதலில் அளந்து வெட்டிவிட்டு அப்புறம் குட்டையாகிப் போனதென்று வருகிறவர்கள் நிறைய. பிடிப்புக்கு வெளியே ஐந்து மி.மீ. விட்டுக் குறி வைத்து, கழற்றி, மெல்லிய பல் உள்ள ஹேக்ஸா பிளேடால் வெட்டி, அரத்தால் நுனியை உருட்டுங்கள். கூடவே வந்த ரப்பர் மூடியைக் கட்டாயம் போடுங்கள். வெட்டிய கம்பி நுனி கணுக்காலைக் கிழித்துவிடும்.

ஓடும்போது கடகடன்னு ஆடுது.

சைக்கிளைப் பத்து செ.மீ. தூக்கித் தரையில் போட்டுப் பாருங்கள், பிறகு மட்கார்டின் ஒவ்வொரு இடமாகக் கையால் பிடித்துக்கொண்டு மறுபடி போடுங்கள். எந்த இடத்தைப் பிடித்தால் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. உலோகத்தோடு உலோகம் தொடும் இடத்தில் பழைய டியூபிலிருந்து வெட்டிய வாஷர் ஒன்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

போல்ட் திரும்பத் திரும்பக் கழன்றால் நைலான் வளையம் வைத்த நட்டு போடுங்கள். ஃபிரேமிலேயே மரை இருக்கும் ஓட்டைகளில் நட்டு போட இடம் இருக்காது, அங்கே நீல நிற மரைப் பசை ஒரு துளி. பசை போடும் மரையில் கிரீஸ் இருக்கக் கூடாது. சிவப்பு நிறப் பசை வேண்டாம், சூடாக்காமல் கழற்ற வராது.

தூக்கிச் சுத்தினா சத்தமே இல்ல, ஏறி ஓட்டினா மட்டும் உரசுது. ஏன்?

எப்போது உரசுகிறது என்று கவனியுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் என்றால் ஃபிரேமும் சக்கரமும் பக்கவாட்டில் லேசாக வளைகின்றன, பக்க இடைவெளி போதவில்லை. வேகம் கூடும்போது மட்டும் என்றால் கீழே தொங்கும் ரப்பர் மடல் காற்றில் மடங்கி டயரைத் தொடுகிறதா பாருங்கள். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு "டிக்" என்றால் டயரில் கல் குத்தியிருக்கும், அல்லது டயர் ரிம்மில் ஒரு இடத்தில் சரியாக உட்காராமல் புடைத்திருக்கும். மிதிக்க மிதிக்க உரசல் அதிகமாகிக்கொண்டே போனால் ஓட்டுவதை நிறுத்துங்கள், பின் அச்சு காடிக்குள் நழுவிக்கொண்டிருக்கலாம்.

எல்லாம் மாட்டியும் ஷூ நனையுதே?

முன் மட்கார்டு கீழே போதுமான அளவு இறங்கவில்லை. டயர் ரோட்டை விட்டு மேலேறும் முதல் சில அங்குலத்தில் வீசும் தண்ணீர்தான் பாதத்துக்கு வருகிறது, அதைப் பிடிக்க ரப்பர் மடல் வேண்டும். தரையிலிருந்து எட்டுப் பத்து செ.மீ. வரை தொங்கட்டும், அதற்குக் கீழே போனால் வேகத்தடையிலும் படிக்கட்டிலும் மாட்டும். தடித்த ரப்பர் ஷீட்டையோ பழைய பிளாஸ்டிக் கேனையோ வெட்டி நீங்களே செய்யலாம். மட்கார்டில் ஓட்டை போடும்போது உள்ளே ஒரு மரக்கட்டையை அண்டைக் கொடுத்து, முதலில் 2 மி.மீ., பிறகு 5 மி.மீ. என்று போடுங்கள். போல்ட்டின் தட்டைத் தலை டயர் பக்கம், நட்டு வெளிப்பக்கம்.

டிஸ்க் பிரேக் இருக்கு, கம்பி காலிபர்ல (டிஸ்க்கைக் கவ்வுற பாகம்) இடிக்குது.

ஓட்டைக்கும் கம்பிக்கும் நடுவே 10 முதல் 20 மி.மீ. குழாய்த் துண்டு வைத்து, அந்த அளவு நீளமான போல்ட் போட்டுக் கம்பியை வெளியே தள்ளுங்கள். அல்லது குறடால் கம்பியைக் காலிபரைச் சுற்றிப் போகும்படி வளையுங்கள். எதைச் செய்தாலும் எதிர்ப்பக்கக் கம்பியின் நீளத்தைத் திரும்ப அளக்க வேண்டும், மேலே சாய்வு பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஒரே ஓட்டைதான் இருக்கு.

ஒரே போல்ட்டில் இரண்டையும் போடலாம். எடை சுமப்பது கேரியர், அது ஃபிரேமை ஒட்டி உள்ளே. மட்கார்டு கம்பி அதற்கு வெளியே.

வலப்பக்கம் மட்டும் கவனம் தேவை. போல்ட் நீளமாக இருந்தால் அதன் நுனி ஃபிரேமைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்க்கும், செயின் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கு வரும்போது அதில் உரசும் அல்லது சிக்கும். மாட்டியதும் செயினை அந்தப் பல்லில் போட்டுக் கையால் பெடலைச் சுற்றிப் பாருங்கள்.

ஃபிரேம்ல ஓட்டையே இல்லை. வழி உண்டா?

ரப்பர் உறை போட்ட வளையக் கிளாம்ப்பைக் குழாயைச் சுற்றி மாட்டி அதில் கம்பியைப் பிடிக்கலாம். ஸ்டீல், அலுமினியக் குழாய்களுக்கு மட்டும். கார்பன் ஃபோர்க்கில் கிளாம்ப் வேண்டாம், நசுங்கும் அழுத்தத்தை அது தாங்கும்படி செய்யப்படவில்லை. முன் ஷாக் உள்ள சைக்கிளில் மட்கார்டின் எல்லாப் பிடிப்பும் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் கீழ்க்கால்களில்தான் இருக்க வேண்டும், மேல்தலையில் ஒன்றும் கீழே ஒன்றும் பிடித்தால் முதல் பள்ளத்திலேயே உடையும்.

நடுப்பிடிப்பைப் பிரேக் போல்ட்டில் சேர்த்து மாட்டும்போது, பிடிப்பின் தடிமனால் நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும். நட்டின் முழு உயரத்துக்கும் மரை கடிக்கவில்லையென்றால் அப்படியே விடாதீர்கள், அது உங்கள் பிரேக்.

முன் மட்கார்டு சக்கரத்தை லாக் பண்ணி ஆளைத் தூக்கிப் போட்டுடும்னு சொல்றாங்க. நிஜமா?

நிஜம். ஒரு குச்சியோ கம்பியோ டயரோடு ஏறி மட்கார்டின் பின்நுனிக்குள் நுழைந்து சிக்கினால், சுற்றும் டயர் மட்கார்டையும் சேர்த்து மேலே இழுக்கும். மட்கார்டு ஃபோர்க் தலைக்கு அடியில் மடங்கிச் சுருண்டு சக்கரத்தை நிறுத்திவிடும். முன்சக்கரம் திடீரென்று நின்றால் ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே போவார்.

இதற்காகத்தான் பல முன் மட்கார்டுகளின் கம்பிகள் ஃபோர்க்கின் கீழே ஒரு பிளாஸ்டிக் பூட்டில் செருகப்பட்டிருக்கும். பலமாக இழுத்தால் கம்பி அதிலிருந்து கழன்று மட்கார்டு சக்கரத்தைவிட்டு விலகும். "அடிக்கடி கழலுது" என்று அதில் பசை போடுவதையும் கம்பி சுற்றிக் கட்டுவதையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள். கழலுகிறது என்றால் இழுவிசை இருக்கிறது அல்லது பூட்டு தேய்ந்துவிட்டது, புதுசு போடுங்கள். உங்கள் மட்கார்டில் இந்தப் பூட்டு இல்லையென்றால் இடைவெளி விஷயத்தில் இன்னும் தாராளமாக இருங்கள்.

திரும்பும்போது ஷூ நுனி மட்கார்டுல இடிக்குது.

சின்ன ஃபிரேம்களில் வரும். ஹேண்டிலை நன்றாக ஒடித்து, அதே சமயம் பெடல் முன்னால் இருக்கும்போது மட்டும்தான் இடிக்கும், அதாவது மெதுவாகத் திரும்பும்போது. வேகமாகப் போகையில் ஹேண்டில் அவ்வளவு திரும்பாது. மட்கார்டைக் குறைந்தபட்ச இடைவெளிக்குள் போகாமல் டயருக்கு அருகே கொண்டுவாருங்கள், கம்பி நுனிகள் வெளியே நீளாமல் வெட்டுங்கள். மீதிக்கு, மெதுவாகத் திரும்பும்போது மிதிப்பதை நிறுத்தி வெளிப்பக்கக் காலைப் பின்னால் வைத்துக்கொள்ளப் பழகுங்கள்.

என் சைக்கிள்ல பின் அச்சுக் காடி பின்பக்கமா திறந்திருக்கு. பஞ்சர் ஆனா சக்கரத்தை வெளிய எடுக்கவே முடியல!

ஒற்றை கியர் சைக்கிள்களில் இது உண்டு. சக்கரம் பின்னால் நகர்ந்துதான் வெளியே வர வேண்டும், அங்கே மட்கார்டு வழியை அடைத்து நிற்கிறது. முதலில் டயரின் காற்றை முழுசாக இறக்கிப் பாருங்கள், அதிலேயே சில மி.மீ. கிடைக்கும், மட்கார்டை உயரமாக மாட்டியிருந்தால் அது போதும். போதாவிட்டால் பின் கம்பிகளை ஃபிரேமில் பிடிக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி மட்கார்டின் வாலைத் தூக்கிக்கொள்ளுங்கள். கம்பி நீளத்தை அமைக்கும் நட்டுகளைத் தொடாதீர்கள், அப்போதுதான் திரும்ப மாட்டும்போது நேராக்கும் வேலை மறுபடி வராது. இந்த இரண்டு போல்ட்டுக்கு மட்டும் மரைப் பசை போடாமல், ரப்பர் வாஷர் வைத்து முறுக்கி, அதற்கான ஆலன் கீயை எப்போதும் சீட்டுப் பையில் வைத்திருங்கள்.